அட்டப்பாடி மாணவர்களின் இளநிலைப் படிப்பு: அரசுக் கல்லூரியை எடைபோடுவது எப்படி?

அகளி: பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள அட்டப்பாடி மலைப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றின் முன்னே மூன்று பாதைகள் நிற்கின்றன. கிழக்கே ஆனைகட்டி வழியாகத் தமிழ்நாட்டின் கோயம்புத்தூருக்குச் செல்வது ஒன்று. மேற்கே முக்காலியைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, மண்ணார்க்காடு, பாலக்காடு பக்கம் செல்வது மற்றொன்று. அகளிக்கும் ஆனைகட்டிக்கும் இடையே, கோட்டத்தறையில் உள்ள ராஜீவ் காந்தி நினைவு அரசு கலை அறிவியல் கல்லூரியில் சேர்வது மூன்றாவது.

அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று ஊராட்சிகளைக் கொண்டது அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரோடு, தமிழகத்திலிருந்தும் கேரளத்தின் பிற பகுதிகளிலிருந்தும் குடியேறியோரும் இங்கு வாழ்கின்றனர். வீட்டில் இருளமோ தமிழோ பேசி, பள்ளியில் மலையாளமோ தமிழோ படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் தேர்வு எழுத வேண்டிய நிலையில் உள்ள மாணவர்கள் ஏராளம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுபவருக்குத் தவறான தேர்வின் விலை பெரும்பாலும் ஓராண்டு இழப்போடு முடிவதில்லை. இடையில் படிப்பை விட்டு ஊர் திரும்பும் மாணவர் மறுபடியும் கல்லூரிக்குச் செல்வது அரிது.

எனவே, சேர்வதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதே கேள்வி. பல்கலைக்கழகத்தின் பெயரையும் அதன் தரக்குறியையும் பார்த்து முடிவெடுப்பதே வழக்கமாக உள்ளது. இளநிலை மாணவரைப் பொறுத்தவரை அந்த இரண்டுமே மிகக் குறைவாகத்தான் பேசுகின்றன.

பட்டம் ஓரிடம், பாடம் வேறிடம்

கோட்டத்தறைக் கல்லூரி 2012-இல் தொடங்கப்பட்டது. கோழிக்கோடு பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்ட அரசுக் கல்லூரி இது. கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து 1968-இல் உருவான கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மலப்புறம் மாவட்டம் தேஞ்ஞிப்பலத்தில் உள்ளது. திருச்சூர், பாலக்காடு, மலப்புறம், கோழிக்கோடு, வயநாடு ஆகிய மாவட்டங்களின் கல்லூரிகள் அதன் எல்லைக்குள் வருகின்றன. தேஞ்ஞிப்பலம் வளாகத் துறைகளில் பெரும்பாலும் முதுநிலைப் படிப்பும் ஆய்வும் நடைபெறுகின்றன. இளநிலை மாணவர்களில் மிகப் பெரும்பான்மையினர் அந்த வளாகத்துக்குள் ஒரு நாளும் பாடம் கேட்காமலேயே அதன் பட்டத்தைப் பெறுகின்றனர்.

இந்த ஏற்பாடு புதிதன்று. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டபோது, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அவற்றின் முதன்மைப் பணியாக இருந்தது. கற்பிக்கும் பொறுப்பு கல்லூரிகளிடம் இருந்தது. அட்டப்பாடி அடங்கிய மலபார் மாவட்டம் 1956-இல் கேரளம் உருவாகும் வரை சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்தது. 1866-இல் பள்ளியாகத் தொடங்கி 1888-இல் கல்லூரியான பாலக்காடு விக்டோரியா கல்லூரியும் அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழேயே இயங்கியது. பல்கலைக்கழகங்களின் பெயர்கள் மாறின. கற்பிப்பது ஓரிடம், பட்டம் தருவது ஓரிடம் என்ற முறை மாறவில்லை.

வேறு நாடுகளில் இளநிலைக் கல்வியை முதன்மைப் பணியாகக் கொண்ட அரசுப் பல்கலைக்கழகங்கள் தனி வகையாகவே உள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1960-இல் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டத்தில், ஆய்வும் முனைவர் பட்டமும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பாகவும், இளநிலையும் முதுநிலையும் கற்பிப்பது கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாகவும் பிரிக்கப்பட்டன. உயர்நிலைப் பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினர் முன்னதற்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் பின்னதற்கும் தகுதியுடையோர் எனவும் வரையறுக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய பிரிவினை சட்டத்தில் இல்லை, நடைமுறையில் உண்டு. இங்கே இளநிலைக்கான பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்குமானால், அது இணைவு பெற்ற அரசுக் கல்லூரிதான்.

தரக்குறி எதை அளக்கிறது?

உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரக்குறி வழங்கும் அமைப்பு, 1994-இல் நிறுவப்பட்டுப் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் நாக் எனப்படும் தேசியத் தர மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு. நான்கு புள்ளி அளவில் 3.51-க்கு மேல் பெறும் நிறுவனத்துக்கு ஏ++, 3.26 முதல் 3.50 வரை ஏ+, 3.01 முதல் 3.25 வரை ஏ எனத் தரக்குறிகள் கீழிறங்குகின்றன. கோழிக்கோடு பல்கலைக்கழகம் ஏ+ பெற்றுள்ளது. இணைவுக் கல்லூரிகளின் சேர்க்கை நேரத்தில் இந்தக் குறி அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

ஆனால் அந்தக் குறி உருவாகும் கணக்கைப் பார்த்தால் வேறு செய்தி கிடைக்கிறது. 2017 முதல் நடைமுறைக்கு வந்த மதிப்பீட்டுக் கட்டமைப்பில், ஒரு பல்கலைக்கழகத்துக்கான 1,000 மதிப்பெண்ணில் ஆய்வு, புத்தாக்கம், விரிவாக்கப் பணி ஆகியவற்றுக்கு 250. கற்பித்தல், கற்றல், மதிப்பிடுதலுக்கு 200. இளநிலை மட்டும் நடத்தும் இணைவுக் கல்லூரிக்கோ கற்பித்தல், கற்றல், மதிப்பிடுதலுக்கு 350. ஆய்வுக்கு 110 மட்டுமே. மாணவர் ஆதரவு, முன்னேற்றம் என்ற பிரிவும் பல்கலைக்கழகத்துக்கு 100 ஆக இருக்க, இளநிலைக் கல்லூரிக்கு 140 ஆக உள்ளது.

அதாவது, பல்கலைக்கழகத்தின் ஏ+ என்பது அதன் ஆய்வுத் துறைகளுக்கும் வளாகத்துக்கும் உரிய சான்று. மலைமேல் உள்ள கல்லூரியில் முதல் பருவத்தின் பாடவேளைக்கு ஆசிரியர் வருவாரா என்பதை அது அளக்கவே இல்லை. கல்லூரிக்கு என்று தனியே மதிப்பீடு உண்டு; அதையே கேட்டுப் பார்க்க வேண்டும். நாக் 2024 ஜனவரியில் அறிவித்த சீர்திருத்தத்தின்படி, எழுத்துக் குறிகளுக்கு மாற்றாக அங்கீகாரம் பெற்றது, பெறாதது என்ற இரு நிலை முறையை நோக்கி நகர்வதாகவும் கூறியுள்ளது. அம்முறையில் ஒரு கல்லூரிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எழுத்தைப் பார்த்து அறிய முடியாது; அறிக்கையைப் படித்தே அறிய வேண்டும்.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2016 முதல் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசையிலும் இதே வேறுபாடு உண்டு. பல்கலைக்கழகங்களுக்குக் கற்பித்தல், கற்றல் வளங்களுக்கு 30 விழுக்காடும் ஆய்வுக்கு 30 விழுக்காடும் எடை தரப்படுகின்றன. கல்லூரிகளுக்குக் கற்பித்தல் வளங்களின் எடை 40 விழுக்காடு. இத்தரவரிசையில் பங்கேற்பது நிறுவனங்களின் விருப்பம். சிறிய அரசுக் கல்லூரியின் பெயர் பட்டியலில் இல்லை என்பதாலேயே அது தரம் குறைந்தது என முடிவு கட்ட இயலாது.

நாக் மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் அளிக்கும் தன்மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு உரியது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீளும் அந்த அறிக்கையில் மாணவரும் பெற்றோரும் தேட வேண்டியவை இரண்டே இடங்கள்தாம். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் எத்தனை விழுக்காடு முழுநேர ஆசிரியர்களால் நிரப்பப்பட்டுள்ளன என்பது ஒன்று. இறுதியாண்டு மாணவர்களின் தேர்ச்சி விழுக்காடு மற்றது. இரண்டையும் ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தேர்ச்சி விழுக்காட்டுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அது தேர்வு எழுதியோரில் தேறியோரின் கணக்கு. முதலாண்டில் சேர்ந்து இடையில் நின்றவர்கள் அதில் வருவதில்லை. முதல் பருவத்தில் எத்தனை பேர் சேர்ந்தனர், ஆறாம் பருவத்தில் எத்தனை பேர் தேர்வு எழுதினர் என்ற இரண்டு எண்களையும் துறையில் நேரில் கேட்டால் உண்மை நிலை தெரியும்.

நான்காண்டுப் படிப்பும் சிறிய கல்லூரியும்

கேரளத்தின் கலை, அறிவியல் கல்லூரிகளில் 2024 ஜூலை 1 முதல் நான்காண்டு இளநிலைப் படிப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. மூன்றாண்டில் 133 கிரெடிட் முடித்தால் வழக்கமான இளநிலைப் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டும் தொடர்ந்து 177 கிரெடிட் முடிப்போருக்கு ஆனர்ஸ் பட்டம் கிடைக்கும். ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பட்டத்துக்கு முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறை. வகுப்பறைப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேரம். நான்கு கிரெடிட் தாள் எனில் 60 மணி நேரக் கற்பித்தல்.

முதன்மைப் பாடத்துடன் துணைப் பாடங்களை மாணவரே தேர்ந்து கொள்ளலாம் என்பது இத்திட்டத்தின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. பொருளியல் படிப்பவர் விலங்கியலையோ கணினியையோ துணையாக எடுக்கலாம் என்பது ஏட்டில் உள்ள விதி. நடைமுறையில் கல்லூரியில் இல்லாத துறையின் பாடத்தை எடுக்க வழியில்லை. பதினைந்து, இருபது துறைகள் கொண்ட விக்டோரியா போன்ற பழைய கல்லூரிக்கும், ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய துறைகளுடன் இயங்கும் மலைப்பகுதிக் கல்லூரிக்கும் இந்த விதி ஒரே பொருளைத் தருவதில்லை. விருப்பப் பட்டியலை நிரப்பும் முன், சேர விரும்பும் முதன்மைப் பாடத்துடன் எந்தெந்தத் துணைப் பாடங்கள் அந்தக் கல்லூரியில் உண்மையில் நடத்தப்படுகின்றன என எழுத்தில் கேட்டுப் பெறுவது பயன் தரும்.

நான்காம் ஆண்டைப் பற்றியும் இப்போதே கேட்க வேண்டியுள்ளது. 2024-இல் சேர்ந்த முதல் அணி மூன்றாண்டை முடிப்பது 2027-இல். ஆனர்ஸ் முடிப்பது 2028-இல். அனைத்துத் துறைகளும் நான்காம் ஆண்டை நடத்தப் போதிய ஆசிரியரையும் வசதியையும் பெற்றிருக்கும் எனக் கொள்வதற்கில்லை. மூன்றாண்டுப் பட்டத்துடன் ஆசிரியர் பயிற்சிக்கோ அரசுப் பணித் தேர்வுக்கோ செல்ல எண்ணுபவருக்கு இது பொருட்டன்று. ஆய்வுப் படிப்பை நாடுபவருக்கு இதுவே முதற்கேள்வி.

ஆசிரியர் யார்?

அரசுக் கல்லூரிகளின் நிரந்தர ஆசிரியர்கள் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் மூலம் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். நெட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ உடையவர்கள் என்பதால் தகுதியில் அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் பின்தங்கியவர்கள் அல்லர். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. தொலைவான கல்லூரியில் நியமனம் பெறுவோர் இடமாறுதல் நாடுவதும், காலியிடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு நிரப்புவதும் மலைப்பகுதிக் கல்லூரிகளுக்குப் பழகிய நிலை. கௌரவ விரிவுரையாளர் நியமனம் ஆண்டுதோறும் நேர்காணல் வழியே நடைபெறுகிறது. அந்த நடைமுறை தாமதமானால் பருவத்தின் முதல் வாரங்கள் ஆசிரியரின்றிக் கழியும்.

இந்த நேர்காணல்கள் வெறும் சடங்கு அல்ல என்பதற்குக் கோட்டத்தறைக் கல்லூரியே ஒரு சான்று. 2023 ஜூனில் கௌரவ விரிவுரையாளர் பணிக்கான நேர்காணலில் அளிக்கப்பட்ட, எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியின் பெயரிலான அனுபவச் சான்றிதழ் மீது ஐயம் எழுந்தது. அட்டப்பாடிக் கல்லூரி அதை மகாராஜா கல்லூரிக்குத் தெரிவித்துக் கேட்டதை அடுத்தே, அத்தகைய சான்றிதழை அக்கல்லூரி வழங்கவில்லை என்பது வெளிவந்தது. பின்னர் அவ்வழக்கை அகளி காவல் துறையினர் விசாரித்தனர். கேரளம் முழுதும் அரசியல் புயலாக வீசிய அந்த விவகாரத்தில், ஒரு சிறிய கல்லூரியின் தேர்வுக்குழு சான்றிதழை ஒழுங்காகப் பார்த்தது என்ற செய்தி அதிகம் பேசப்படவில்லை. கல்லூரியை எடைபோடுவோர் அதையும் கணக்கில் சேர்க்கலாம்.

கேட்க வேண்டிய கேள்வி எளியது: சேர விரும்பும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், அவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கு உள்ளனர்? இதற்கான விடை கல்லூரியின் எந்த விளம்பரத்திலும் இடம்பெறாது. அதே துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவருக்குத் தெரியும்.

பாதையும் விடுதியும்

தொலைவு என்பதைக் கிலோமீட்டரில் மட்டும் அளப்பது மலையில் பொருந்தாது. கனமழைக் காலங்களில் மண்ணார்க்காடு – அட்டப்பாடிச் சாலையில் மண்சரிவால் போக்குவரத்து நின்ற நாட்கள் பல. கல்லூரியின் பருவத் தொடக்கமும் தென்மேற்குப் பருவமழையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருகின்றன. மாலையில் காட்டுயானை நடமாட்டம் உள்ள ஊர்களில், கடைசிப் பேருந்தின் நேரமே ஒரு மாணவி எந்தக் கல்லூரியில் படிப்பார் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. மலைக்குக் கீழே எத்தனை சிறந்த கல்லூரி இருந்தாலும், விடுதியில் இடம் உறுதியாகாமல் அங்கே சேர்வது முதல் பருவத்திலேயே படிப்பை நிறுத்தும் ஆபத்தைக் கொண்டது. இடம் கிடைத்த கல்லூரிக்கு அருகே பழங்குடி, பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் விடுதி உள்ளதா என்பதை அகளியில் உள்ள ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கட்டடமும் இதே வரிசையில் வருகிறது. தமிழர் மிகுதியாக வாழும் மற்றொரு மலைப்பகுதியான இடுக்கி மாவட்டம் மூணாறில், மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்துடன் இணைந்த அரசுக் கல்லூரியின் கட்டடம் 2018 ஆகஸ்ட் பெருமழையின் நிலச்சரிவில் சேதமடைந்தது. வகுப்புகள் வேறு கட்டடங்களுக்கு மாற்றப்பட்டன. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் தொலைவில் இருந்த கல்லூரி தற்காலிக இடத்தில் இயங்க நேர்ந்தது. அந்தக் கல்லூரியின் ஆசிரியர் தகுதியோ பாடத்திட்டமோ ஒரே இரவில் மாறிவிடவில்லை. ஆய்வகமும் நூலகமும் மாறின. அறிவியல் பாடம் எடுப்போர், மலைப்பகுதிக் கல்லூரி எதுவாயினும், ஆய்வகத்தை நேரில் பார்த்த பின்னரே விருப்பப் பட்டியலில் அதன் வரிசையைத் தீர்மானிப்பது நல்லது.

தமிழில் படித்தவருக்கு

கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, மாநிலத்தின் தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் தொடர்புகொள்ளும் உரிமையை அளிக்கிறது. கல்லூரி வகுப்பறைக்குள் அந்த உரிமை நுழைவதில்லை. பாடமொழி ஆங்கிலம். பள்ளியில் தமிழை முதல் மொழியாகப் படித்தவர், மொழித் தாளில் தமிழைத் தொடர முடியுமா என்பதைக் கல்லூரிவாரியாகப் பார்க்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் இலக்கியத்தையே முதன்மைப் பாடமாகப் படிக்க விரும்புவோர் பெரும்பாலும் நாடுவது 1947-இல் தொடங்கப்பட்ட சித்தூர் அரசுக் கல்லூரியை. அங்கே தமிழ்த்துறை நீண்ட காலமாக இயங்கி வருகிறது. அகளியிலிருந்து நாள்தோறும் சென்று வரும் தொலைவில் சித்தூர் இல்லை என்பதால் அங்கும் விடுதிக் கேள்வியே முன்னால் நிற்கும்.

எல்லை தாண்டும்போது மாறும் கணக்கு

அட்டப்பாடியின் கிழக்குப் பகுதியினருக்குக் கோயம்புத்தூரே அண்மை நகரம். 1852-இல் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கோவை அரசு கலைக் கல்லூரி, 1982-இல் நிறுவப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகம், அதன் இணைவுக் கல்லூரிகள் எனத் தேர்வுகள் மிகுதி. பேச்சுமொழியும் தமிழ். இத்தனையும் சேர்ந்து ஈர்க்கும்போது ஒரு செய்தி பலருக்குப் பிந்தியே தெரிய வருகிறது: மாநில எல்லையைக் கடந்ததும் இடஒதுக்கீடு தொடர்வதில்லை.

இருளர் சமூகம் கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களின் பழங்குடியினர் பட்டியலிலும் உள்ளது. ஆயினும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்ற தகுதி பிறந்த மாநிலத்தை ஒட்டியது. வேறு மாநிலத்துக்குச் செல்பவர் அங்குள்ள ஒதுக்கீட்டைக் கோர இயலாது என 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அகளி வட்டாரத்து இருளர் மாணவர், தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரியில் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு உள்ள 1 விழுக்காடும் அவருக்கு இல்லை. கேரளத்திலோ பழங்குடியினருக்கு 5, பட்டியல் இனத்தவருக்கு 15 விழுக்காட்டு இடங்கள் உண்டு.

உதவித்தொகையிலும் இதே நிலை. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி மாணவியருக்கு மாதம் ரூ.1,000 வழங்கப்படுகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்விரு திட்டங்களுக்கும் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலோ அரசு உதவிபெறும் பள்ளிகளிலோ படித்திருக்க வேண்டும். அகளி அரசுப் பள்ளியில் படித்தவர் அதே வகுப்பறையில் அமர்ந்திருந்தாலும் பயன்பெற மாட்டார். கேரளக் கல்லூரியில் சேர்வோருக்கு இ-கிராண்ட்ஸ் தளம் வழியே கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் கிடைக்கின்றன. அத்தொகை காலம் தாழ்ந்து வருவதை எதிர்த்துப் பழங்குடி மாணவர்கள் போராடிய வரலாறும் உண்டு என்பதால், முதல் பருவத்துச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொள்வதே நடைமுறை அறிவு.

கோவையின் தனியார் கல்லூரிகளை நாடுவோர் மேலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956, பிரிவு 22-இன்படி, மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றம் தனியே அதிகாரமளித்த நிறுவனங்களுமே பட்டம் வழங்க முடியும். தன்னாட்சிக் கல்லூரி என்பது பாடத்திட்டம் வகுக்கவும் தேர்வு நடத்தவும் உரிமை பெற்ற கல்லூரி. அதன் பட்டத்தை வழங்குவது இணைந்துள்ள பல்கலைக்கழகமே. எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்பதைச் சேர்க்கைக் கட்டணம் செலுத்தும் முன்பே உறுதி செய்துகொள்ளலாம்.

மாநில எல்லை தடையாக இல்லாத வழி மத்தியப் பல்கலைக்கழகங்கள். அங்கே பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடங்கள் நாடு முழுதுக்கும் பொதுவானவை. 2022 முதல் நடைபெறும் க்யூட் நுழைவுத்தேர்வைத் தமிழ், மலையாளம் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம். மத்தியப் பிரதேசம் அமர்கண்டக்கில் உள்ள இந்திரா காந்தி தேசியப் பழங்குடியினர் பல்கலைக்கழகம், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவை இவ்வகையின. அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவுகளுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், மே மாதத்தில் யோசிக்கத் தொடங்குவோருக்கு அவ்வாண்டு அந்தக் கதவு திறப்பதில்லை.

விருப்பப் பட்டியல்

கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளில் சேர்க்கை ஒற்றைச் சாளர ஒதுக்கீட்டு முறையில் இணையம் வழியே நடைபெறுகிறது. மாணவர் தரும் விருப்பங்களின் வரிசையே இங்கு அனைத்தையும் தீர்மானிக்கிறது. பட்டியலில் மேலே உள்ள இடம் பிந்தைய சுற்றில் ஒதுக்கப்பட்டால், முன்பு கிடைத்திருந்த கீழுள்ள இடம் கைவிட்டுப் போகும். கோட்டத்தறையில் இடம் உறுதியான பின், பெயருக்காக மேலே எழுதி வைத்த தொலைதூரக் கல்லூரி அடுத்த சுற்றில் ஒதுக்கப்பட்டு, விடுதியும் இல்லாமல், விட்ட இடமும் திரும்பாமல் போகக்கூடும். உண்மையில் போகத் தயாராக இல்லாத கல்லூரியைப் பட்டியலில் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு. ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்தாவிடில் இடம் ரத்தாகும். இணைய வசதி சீராக இல்லாத ஊர்களில் உள்ளோர் அந்த நாட்களில் அகளிக்கு வந்து பார்த்துச் செல்வது தேவைப்படும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை முடிவுகள் வரும் முன்பே பெற்று வைப்பது நல்லது. பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வழங்குபவர் வட்டாட்சியர். மண்ணார்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டு அட்டப்பாடி தனி வட்டமாகிவிட்டதால், இதற்காக மலை இறங்க வேண்டிய தேவை இப்போது இல்லை.